உதைக்கிற கணக்கு

பதினாறு ஆண்டுகளாகப்
பலகைக்கு முகத்தையும்
மாணவர்களுக்கு முதுகையும் கொடுத்தே
பாடம் நடத்தியிருக்கிறேன்.
கொன்செப்சியோன் நகரத்து மழை
ஜன்னலில் இறங்குவது போலச்
சமன்பாடுகள் இறங்கும்.
அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.
மழையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஜூலைத் தேர்வில் ஒரு விடைத்தாள்.
யாருடையது என்று சொல்ல மாட்டேன்.
"நிலையான நிலை என்று கொள்க."
அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெள்ளை.
அரை மதிப்பெண் போட்டேன்.
பேருந்தில் வீடு திரும்பும்போதுதான்
அந்த வரி என் வகுப்பைப் பற்றியது என்று பட்டது:
உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே அளவு.
நடுவில் எதுவும் சேர்வதில்லை.

ஆகஸ்டில் ஸ்லைடுகளை மூட்டைகட்டினேன்.
விரிவுரையைப் பதிவுசெய்து முந்தின இரவே அனுப்பிவிட்டு
வகுப்பில் நான்கு நான்கு பேராகத் திரும்பி உட்காரச் சொன்னேன்.
நாற்காலிகள் தரையோடு அறையப்பட்டவை.
அதனால் தரையில் உட்கார்ந்தார்கள்.
ஒரு வாளி, ஒரு தோட்டக் குழாய்,
என் சமையலறைத் தராசு.
வாளியின் அடியில் ஆணியால் நானே போட்ட ஓட்டை.
"குழாயைத் திறந்தபடியே விட்டால்
தண்ணீர் எங்கே நிற்கும்?
முதலில் ஊகியுங்கள். பிறகு திறங்கள்."
பாதிப் பேர், வழியும் என்றார்கள்.
பாதிப் பேர், தங்காது என்றார்கள்.
பதினொரு சென்டிமீட்டரில் போய் நின்றது
யார் பேச்சையும் கேட்காத தண்ணீர்.

கேள்வியைக் கேட்டுவிட்டு
வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம்.
மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன்.
ஏழில் நாக்கு துடிக்கும்.
ஒன்பதில் யாராவது இருமுவார்கள்,
அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்றிருக்கும்.

எல்லாம் நன்றாகப் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.
மூன்றாம் வாரம் டீனிடம் மனு போனது,
இருபத்திரண்டு கையெழுத்துகளோடு:
"நாங்களே படித்துக்கொள்வதென்றால்
கட்டணம் எதற்கு?"
டீன் ஓசோரெஸ் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.
நியாயமான கேள்வி.
முழு விடை என்னிடமும் இல்லை.
முதல் கையெழுத்து ராயென் கயுபானுடையது,
தாளைக் கிழிக்கும் அழுத்தத்தில்.

அக்டோபரில் பாடப்புத்தகத்தை விட்டுத்
தல்காவானோ மீன்மாவு ஆலையின் பதிவேட்டைக் கொடுத்தேன்.
மணிக்கு நாற்பது டன் மீன் உள்ளே.
மாவு, எண்ணெய், உலர்த்தியின் நீராவி வெளியே.
கூட்டினால் முப்பத்தெட்டரைதான் வருகிறது.
கணக்கு உதைத்தது,
ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு இடத்தில்.
ஒரு குழு குறைந்ததை எண்ணெயில் ஏற்றிச்
சத்தமில்லாமல் சரிக்கட்டியது.
(மாணவியாக நானும் அதைத்தான் செய்தேன்.
முழு மதிப்பெண் தந்தார்கள்.)
கயுபான் மட்டும் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள்.
எண்ணினேன். பத்தைத் தாண்டி, முப்பதையும் தாண்டி.
"ப்ரொஃபே, அந்த ஒன்றரை டன்
எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் இருக்கிறது" என்றாள்.
"வேண்டுமானால் என் சட்டையை முகர்ந்து பாருங்கள்."

யாரும் சிரிக்கவில்லை.
அடுத்த வெள்ளிக்கிழமை ஆலைக்குப் போனோம்.
உலர்த்திக்கு மேலே, குழாய் இணைப்பில்
துருப்பிடித்த வளையத்தின் வழியே
வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது
விடைப்பட்டியலில் இல்லாத விடை.
ஏணியில் ஏறி அளந்தவள் அவள்தான்:
ஒரு டன்னும் இருநூறு கிலோவும்.
மிச்ச முந்நூறு கிலோ
இன்றுவரை கிடைக்கவில்லை.
ஃபோர்மன் மட்டும், எத்தனை பேரிடம் சொல்லப்போகிறீர்கள்
என்று இரண்டு முறை கேட்டார்.

மனுவிலிருந்து பெயரை அவள் எடுக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
வகுப்புச் சராசரி நான்கு மதிப்பெண் கூடியிருக்கிறது.
டீனின் அறிக்கைக்கு அது போதாது.

டிசம்பர் விடைத்தாள்கள் மேஜைமேல் கிடக்கின்றன.
ஒருவன், அல்லது ஒருத்தி,
வினாத்தாளில் நான் அச்சடித்த வரியை அடித்திருக்கிறது அந்தக் கை.
"நிலையான நிலை என்று கொள்க."
பக்கத்தில் பென்சிலில்: "யார் சொன்னது?"
அதற்குக் கீழே
இரண்டு பக்கத்துக்குத் தப்பும் சரியுமாகக் கணக்கு.

மணி பதினொன்றாகிறது.
அரையா, முழுசா என்று
பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.